பூஞ்சாண நோய்களுக்கு எதிரான விதை நேர்த்தி

விதைக்கும் முன் விதையின் மேல் பூஞ்சாணக்கொல்லி மருந்தைப் பூசுவதே இங்கு விதை நேர்த்தி எனப்படுகிறது. இதனால் விதையின் மரபுக் குணம் மாறுவதில்லை. முளைத்து வேரூன்றும் முதல் சில வாரங்களுக்கு, விதையின் மேலும் மண்ணிலும் காத்திருக்கும் பூஞ்சாணத்திடமிருந்து அது காப்பளிக்கிறது. முளைப்புத்திறன் இழந்த விதையை எந்த மருந்தாலும் மீட்க முடியாது என்பதால், நன்கு காய்ந்த, உடையாத, முளைப்புத்திறன் சோதித்த விதையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருந்தை நோய்க்கேற்பத் தேர்ந்தெடுப்பதே இதில் முதன்மையானது. திரம், கேப்டான் போன்ற தொடு மருந்துகள் விதையின் மேற்பரப்பையும் அதைச் சூழ்ந்த மண்ணையும் காக்கின்றன. கோதுமையின் கரிப்பூட்டை நோயோ விதைக் கருவுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால், கார்பாக்சின் போன்ற ஊடுருவும் மருந்தே அதை எட்டும். நாற்று அழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற மண்வாழ் நுண்ணுயிரியின் மீது, பரவலாகப் பயன்படும் கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி வேலை செய்யாது. அதற்கு மெட்டலாக்சில் என்ற மருந்து தேவை. இந்த வேறுபாட்டைக் கவனியாமல், வழக்கமாக வாங்கும் மருந்தையே எல்லாப் பயிருக்கும் பூசுவது வீண் செலவாகும்.

கார்பென்டாசிம் நனையும் தூளைப் பொதுவாக ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் என்ற அளவில் பயன்படுத்துகிறார்கள். ஆயினும் வாங்கிய பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவே இறுதியானது. தூளைச் சிறிதளவு நீரில் குழம்பாக்கி, மூடியுள்ள கலனில் விதையோடு சேர்த்து, ஒவ்வொரு விதையிலும் சீராகப் படியும்வரை மெதுவாக உருட்ட வேண்டும். நிலக்கடலையின் மேல்தோல் மெல்லியது; நீர் மிகுந்தாலோ கை அழுத்தினாலோ தோல் உரிந்து, பூஞ்சாணம் நுழைய நாமே வழி திறந்துவிடுவோம். பூசிய விதையை நிழலில் உலர்த்தி, 24 மணி நேரம் கழித்து விதைப்பது நல்லது.

பயறு வகைகளின் வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலப்பதாயின் மருந்து நேர்த்தியை முதலில் முடித்து, ஒரு நாள் இடைவெளிக்குப் பின், விதைப்பதற்குச் சற்று முன்பு கலக்க வேண்டும். நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கப் பயன்படும் டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணமே ஆதலால், அதைப் பூஞ்சாணக்கொல்லியுடன் சேர்க்கக் கூடாது.

கையுறையும் முகக்கவசமும் இன்றி இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். மருந்து பூசிய விதையில் மிஞ்சியதை உணவாகவோ தீவனமாகவோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. 1971-72இல் ஈராக்கில், விதைப்பதற்காக மெத்தில் பாதரசம் பூசி அனுப்பிய தானியத்தை ரொட்டியாக்கி உண்ட நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். இன்று பாதரச மருந்துகள் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டாலும், மிஞ்சிய விதையைத் தெளிவாகப் பெயர் எழுதிய பையில் கட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், உணவுத் தானியத்திலிருந்து விலக்கிப் பூட்டி வையுங்கள்.