ஒன்றுபோல் தெரியும் இரு மங்கல் நிறங்களில் எதைப் பூசுவது?

வண்ண அட்டையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சாம்பல் நிறங்களை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் எளிதில் பிடிபடாது. நான்கு சுவர்களிலும் பூசி முடித்த பிறகுதான் ஒன்றில் ஊதாவும் மற்றொன்றில் பச்சையும் எட்டிப் பார்க்கும். அந்த அடிச்சாயல் அறையின் வெளிச்சத்துக்கும் தரைக்கும் ஒத்துப்போகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். எது அழகு என்ற கேள்வி பிறகு வரட்டும்.

இரண்டு துண்டுகளையும் வெள்ளைத் தாளின்மேல் ஒன்றையொன்று தொடும்படி வையுங்கள். தனியாக இருந்தபோது வெறும் சாம்பலாகத் தெரிந்த நிறம், பக்கத்தில் பழுப்பேறிய சாம்பல் வந்தவுடன் நீலம் கலந்ததாகத் தோன்றும். ஆனால் இந்த ஒப்பீடு வித்தியாசத்தை அறிவதற்கு மட்டுமே. இரண்டையும் சேர்த்து வைத்தே முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம், ஏனெனில் அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றின் தோற்றத்தை மற்றொன்று மாற்றிவிடும். நெசவுக்கூடம் ஒன்றில் கறுப்புச் சாயம் சோபையிழந்திருப்பதாக வந்த புகாரை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூல்களின் நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டு, 1839இல் அதை விரிவாக எழுதினார்.

இதனால்தான் மாதிரியைப் பழைய சுவரின்மீது நேரடியாகப் பூசுவதை நான் விரும்புவதில்லை. இரண்டடிச் சதுரமான வெள்ளை அட்டைகள் இரண்டை எடுத்து, விளிம்பில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தை இரண்டு கோட் பூசி, முழுமையாக உலரவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். ஒரு சமயத்தில் ஓர் அட்டையை மட்டும் சுவரில் நிமிர்த்தி வைத்து, ஜன்னலுக்கு எதிரிலும், ஜன்னல் உள்ள சுவரிலும், மூலையிலும் பார்க்க வேண்டும். மூலையில் சுவர்கள் ஒன்றன் நிறத்தை மற்றொன்றின்மேல் வீசுவதால், பூசிய பிறகு அங்கே நிறம் இன்னும் அழுத்தமாகவே தெரியும்.

இரவு வெளிச்சத்தையும் மறக்கக் கூடாது. 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) பல்பின் மஞ்சள் ஒளி பழுப்புச் சாயலைத் தூக்கிக் காட்டும். 6500 கெல்வின் விளக்கின் நீலம் கலந்த வெள்ளை ஒளியில் நீலச் சாயல் தூக்கலாகி, நிறம் குளிர்ந்து தெரியும். பகலில் ஒன்றாகத் தெரிந்த இரு நிறங்கள் விளக்கொளியில் பிரிந்துபோவதும் உண்டு. படுக்கையறைக்கு இரவுத் தோற்றத்தையும் படிப்பறைக்குப் பகல் தோற்றத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

எல்லாம் பார்த்த பிறகும் மனம் ஊசலாடினால், தரையோடு பொருந்துவதை எடுங்கள். தரையை யாரும் அடிக்கடி மாற்றுவதில்லை. ஒளி குறைந்த அறையாக இருந்தால், ஒளியைத் திருப்பியனுப்பும் அளவைக் காட்டும் 0 முதல் 100 வரையிலான எண் (LRV) எதற்கு அதிகமோ, அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

வாங்கும்போது மாதிரியில் இருந்த அதே பளபளப்பைக் கேட்டு வாங்குங்கள். மேட் மாதிரியைப் பார்த்துவிட்டுப் பளபளப்பான பெயின்ட் பூசிய என் அறையில், வாரக்கணக்கில் அலசித் தேர்ந்தெடுத்த அந்தச் சாம்பல், ஜன்னல் ஓரத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் மின்னுகிறது.