பல்கலைக்கழகக் கொள்முதலுக்கு யார் அனுமதி கொடுத்தது? கண்டுபிடிக்கும் வழி

தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் கம்ப்யூட்டரோ விடைத்தாளோ வாங்கி, அதன் விலை கொஞ்சம் இடித்தால், எல்லோரும் முதலில் இழுப்பது பதிவாளர் பெயரைத்தான், ஏனென்றால் கொள்முதல் ஆணையில் இருப்பது அவர் கையெழுத்து. ஆனால் அவர் பெரும்பாலும் வேறு யாரோ எடுத்த முடிவுக்குக் கையெழுத்துப் போட்டவராக இருப்பார். அந்த 'வேறு யாரோ' யார் என்று தேடுவதுதான் வேலை.

முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சட்டத்தை எடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1923ஆம் வருடச் சட்டம், அண்ணா பல்கலைக்கு 1978, பாரதியாருக்கும் பாரதிதாசனுக்கும் 1981 என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம் உண்டு, ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள். முழுக்கப் படிக்கத் தேவையில்லை. சிண்டிகேட்டின் (பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு) அதிகாரங்கள், நிதிக்குழு, துணைவேந்தரின் அதிகாரங்கள், இந்த மூன்று பகுதி போதும். நிர்வாகமும் சொத்தும் பணமும் பொதுவாக சிண்டிகேட் கையில் இருக்கும். எத்தனை ரூபாய் வரை பதிவாளர், எத்தனை ரூபாய் வரை துணைவேந்தர் என்கிற வரம்பு சட்டத்தில் இருக்காது, சிண்டிகேட் தீர்மானத்திலோ கணக்கு விதிகளிலோ இருக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

துணைவேந்தர் பகுதியில் ஒரு வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அவசரம் என்றால் அவரே நடவடிக்கை எடுத்துவிட்டு, அப்புறம் உரிய குழுவுக்குத் தெரிவிக்கலாம் என்று இருக்கும். பல கோப்புகள் இந்த வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. நான் பார்த்த ஒரு கோப்பில் நாற்காலிகள் வந்து இறங்கிய தேதிக்கு நான்கு மாதம் கழித்து சிண்டிகேட் 'பின்னேற்பு', அதாவது முடிந்த காரியத்துக்குப் பிறகு தரும் ஒப்புதல், கொடுத்திருந்தது. நாற்காலிக்கு என்ன அவசரம் என்று எந்தப் பக்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

துணைவேந்தரே இல்லாத காலத்துக் கொள்முதல் என்றால் அவர் வேலையைத் தற்காலிகமாகப் பார்க்கும் கன்வீனர் குழு இருந்திருக்கும். அந்தக் குழுவை அமைத்த ஆணையின் நகலை வாங்கி, நிதி அதிகாரமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற சண்டையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆளுநர் நிறுத்திவைத்த மசோதாக்கள் குறித்த 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதை ஒட்டி அரசிதழில் வந்த சட்டங்கள், மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் போட்ட இடைக்காலத் தடை எல்லாம் அந்த நியமனச் சண்டையைச் சேர்ந்தவை. நாற்காலி வாங்கும் விதி அவற்றால் மாறவில்லை.

அந்த விதி இருப்பது தமிழ்நாட்டின் 1998ஆம் வருட ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில், அதன் 2000ஆம் வருட விதிகளில். 'நாங்கள் தன்னாட்சி அமைப்பு, அது எங்களுக்குப் பொருந்தாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பல்கலைக்கழகங்கள் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால், டெண்டர் அழைத்தவருக்கு மேலே உள்ள அதிகாரி காரணத்தை எழுதி அனுமதித்திருக்க வேண்டும். விலை பேரம் பேசுவதானால் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும்தான்.

டெண்டரே இல்லை என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, விதிவிலக்கு காட்டியிருப்பார்கள். அந்த டெண்டர் சட்டத்தின் 16ஆம் பிரிவில் எந்த உட்பிரிவின் கீழ் என்று கேளுங்கள். இன்னொன்று, பெரிய கொள்முதலைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள். இதைப் பிடிப்பது சுலபம், ஒரே கடைக்கு ஒரே வாரத்தில் போன ஆணைகளின் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். எண்கள் அடுத்தடுத்து வந்து, ஒவ்வொரு தொகையும் டெண்டர் இல்லாமல் வாங்கக்கூடிய வரம்புக்குச் சற்றே கீழே நின்றால், வேறு விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

ஆவணங்களை வாங்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். 'ஏன் வாங்கினீர்கள்' என்று கேட்டால் பதில் வராது. 'இந்த எண்ணுள்ள ஆணைக்கான சிண்டிகேட் தீர்மானம், நிதி அதிகாரப் பகிர்வு ஆணை, டெண்டர் விலைகளின் ஒப்பீட்டுப் பட்டியல் ஆகியவற்றின் நகல்' என்று கேளுங்கள். கூடவே கோப்பை நேரில் பார்க்கவும் அனுமதி கேளுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. நகலில் வராத ஓரக் குறிப்புகளும் ஒட்டுச் சீட்டுகளும் அங்கேதான் கண்ணில் படும்.

டெண்டரில் கலந்துகொண்டு தோற்றவர் நீங்கள் என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். டெண்டர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு செய்ய, ஆணை கைக்கு வந்ததிலிருந்து 10 நாள்தான். உறையைத் தூக்கிப் போடாமல் அது வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.