போர்முனையிலிருந்து திரும்பியவர் தம் நினைவுகளை எழுதும் முறை

1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையிலோ, 1999 கார்கில் போரிலோ பணியாற்றிய பட்டாளத்துக்காரர்கள் நினைவுக்குறிப்பு எழுத அமர்ந்தால், சண்டையைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு, அதற்குப் பிந்தைய வாழ்வை ‘ஓய்வு பெற்று ஊர் வந்து சேர்ந்தேன்’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சண்டையை ராணுவ வரலாறுகள் எப்படியும் பதிவு செய்துவிடும்; அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் விரித்து எழுத வேண்டும்.

முதலில், பணியிலிருந்து விடுவிக்கும்போது ராணுவம் தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேதிகளை வரிசைப்படுத்துங்கள். அடுத்து, வீட்டில் பழைய இன்லண்ட் கடிதங்கள் இருந்தால் தேடி எடுங்கள். ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சலக முகவரி நீங்கள் இருந்த இடத்தைக் காட்டாது. ஆனால் எந்த நாளில் எதை வீட்டாரிடம் சொல்லாமல் மறைத்தீர்கள் என்பது கடிதத்தைப் படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு மனைவியிடம் கேளுங்கள். திரும்பி வந்த உங்களை அருகிலிருந்து பார்த்தவர் அவர்தான் என்பதால், அவர் சொல்வது உங்கள் நினைவோடு முரண்பட்டாலும் மறுத்துப் பேசாமல் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ‘தீபாவளியன்று மனம் பதறியது’ என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரியாது. முதல் சரவெடி வெடித்தபோது கையிலிருந்த காப்பி டம்ளர் என்னவாயிற்று, எந்தச் சுவரோரம் போய் நின்றீர்கள், பிள்ளைகள் சிரித்தார்களா அஞ்சினார்களா என்று எழுதுங்கள். ஓய்வுக்குப் பின் வங்கிக் காவலராக வேலை பார்த்தவர்கள் அந்த ஆண்டுகளைக் கட்டாயம் எழுத வேண்டும். துப்பாக்கியை மறுபடியும் தோளில் மாட்டிக்கொண்டு, நகைக்கடனுக்கு வந்தவர்களுக்குச் சலான் நிரப்பிக் கொடுத்த பகல்களில் இல்லாத கதையா!

உயிரிழந்த தோழர்களைப் பற்றி, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். அவர்களுடைய கடைசி நிமிடங்களை விவரிப்பதாக இருந்தால், அச்சேறும் முன்பே குடும்பத்தாரிடம் சொல்லி அவர்கள் சம்மதத்தைப் பெறுவதுதான் முறை. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் ஓய்வு பெற்றவரையும் கட்டுப்படுத்தும். சங்கேதக் குறியீடுகள், தகவல் தந்தவர்களின் அடையாளம் போன்றவற்றைத் தொட வேண்டாம். இந்தக் கதைக்கு அவை தேவைப்படவும் போவதில்லை.

இரவில் எழுதாதீர்கள். எழுதத் தொடங்கிய பின் தூக்கம் கெட்டு, பழைய கனவுகள் திரும்பினால், சில வாரங்கள் நோட்டை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.