கிட்டாரிஸ்ட்டுங்க ரெக்கார்டிங், டிரம் சாஃப்ட்வேர் எடுக்கறப்போ பண்ற தப்புங்க

வீட்லயே பாட்டு ரெக்கார்ட் பண்ணலாம்னு முடிவு பண்ற கிட்டாரிஸ்ட் முதல்ல தேடுறது எந்த டிரம் சாஃப்ட்வேர் (டிரம்மர் இல்லாமலே கம்ப்யூட்டர்ல டிரம்ஸ் வாசிக்கற ப்ரோக்ராம்) பெஸ்ட்னுதான். டெமோ வீடியோல ஸ்னேர் சும்மா அறையுற மாதிரி கேக்கும், கிக் நெஞ்சுல இறங்கும், அதுலயே மயங்கி வாங்கிடுறாங்க. ஆனா அந்த டெமோல பெரும்பாலும் டிரம்ஸ் மட்டும்தான் தனியா ஓடும், கம்ப்ரஷன் ரிவர்ப் எல்லாம் போட்டு ரெடியா வச்சிருப்பாங்க, உங்க டிஸ்டார்ஷன் கிட்டார் ரெண்டு பக்கமும் வந்து உக்காந்ததும் அதே கிட்ல சிம்பலும் கிட்டாரும் மோதி ஒரே இரைச்சலா ஆயிடும், கிக் எங்க போச்சுன்னே தெரியாது.

அதனால டிரையல் எடுக்கறதுக்கு முன்னாடியே உங்க சொந்த ரிஃப் ஒண்ண, ஒரு நிமிஷம் போதும், கிளிக் (மெட்ரோனோம்) வச்சு வாசிச்சு எஃபெக்ட் இல்லாத டிஐ சிக்னலா (ஆம்ப் இல்லாம கிட்டார்ல இருந்து நேரா வர்ற சத்தம்) சேவ் பண்ணி வச்சுக்கோங்க. எந்த சாஃப்ட்வேர் டிரை பண்ணாலும் அதே ரிஃப்போட ஓட்டிக் கேளுங்க. இன்னொரு விஷயம், நிறைய ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல புது ப்ராஜெக்ட் 120 பிபிஎம்லதான் (நிமிஷத்துக்கு 120 பீட்) திறக்கும், அத மாத்தாம 92ல இருக்கற பாட்ட கிளிக்கே இல்லாம வாசிச்சுட்டு அப்புறமா டிரம் ஒட்டப் பாக்குறவங்க நிறைய பேர். எந்த சாஃப்ட்வேர் வாங்கினாலும் அது சரியா உக்காராது.

அடுத்த தப்பு, சைஸ் பெருசா இருந்தா நல்லதுன்னு நம்புறது. டூன்ட்ராக் கம்பெனியோட சுப்பீரியர் டிரம்மர் 3ல சவுண்ட் லைப்ரரி மட்டும் 230 ஜிபிக்கு மேல. ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா, ஒரு டிரம் சத்தம் அடுத்த மைக்ல எவ்ளோ கசியணும்ங்கறது வரைக்கும் மாத்தலாம், மிக்ஸிங்ல இறங்கி வேலை பாக்குறவங்களுக்கு அது நிஜமாவே அருமையான டூல். ஆனா பாட்டு எழுதணும், டெமோ போடணும்னு நினைக்கற கிட்டாரிஸ்ட்டுக்கு தேவை நல்லா வாசிக்கற டிரம்மர்தான், இத்தனை மைக் இல்ல. அதே கம்பெனியோட ஈஸி டிரம்மர் 3ல பேண்ட்மேட்னு ஒண்ணு இருக்கு, உங்க ரிஃப்ப இழுத்துப் போட்டா அதுக்கு பொருந்தற க்ரூவ்ஸ் (ரெடிமேட் டிரம் பேட்டர்ன்) எடுத்துக் காட்டும். ஆப்பிளோட ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான லாஜிக் ப்ரோல இருக்கற டிரம்மர் ட்ராக்ல ஃபாலோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, கிட்டார் ட்ராக்க காட்டினா கிக்கும் ஸ்னேரும் அதோட ரிதமுக்கு ஏத்த மாதிரி மாறும். என்னைக் கேட்டா கிட்டாரிஸ்ட் முதல்ல பாக்க வேண்டியது இந்த மாதிரி விஷயத்ததான், சாம்பிள் எத்தனை ஜிபிங்கறத அப்புறம் பாத்துக்கலாம். கூடவே வர்ற மிடி க்ரூவ்ஸ் (மிடிங்கறது சத்தம் இல்ல, எந்த நோட்ட எப்போ எவ்ளோ பலமா அடிக்கணும்ங்கற குறிப்பு) உங்க ஸ்டைல்ல இருக்கான்னும் பாருங்க, மெட்டலுக்குன்னு செஞ்ச பேக்க வாங்கிட்டு அதுல மெதுவான 6/8 பாட்டுக்கு பீட் தேடினா கிடைக்காது.

ஃப்ரீயா கிடைக்கறத தொட்டே பாக்காம காசு போடுறதும் தப்புதான். மேக் இருந்தா கராஜ்பேண்ட்லயே டிரம்மர் இருக்கு. எம்டி பவர் டிரம் கிட் ஃப்ரீ, ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸ்க்கும் ஒரு ஃப்ரீ வெர்ஷன் உண்டு. ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர 60 நாள் முழுசா டிரை பண்ணலாம், எதையும் பூட்டி வைக்கல. இதுல நாலு பாட்டு முடிச்சுப் பாத்தாலே உங்களுக்கு என்ன குறையுதுன்னு தெரிஞ்சிடும், அப்புறம் வாங்கறது சரியா வாங்குவீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ப்ளகின் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்குள்ள திறக்கற டிரம், எஃபெக்ட் ப்ரோக்ராம்) எந்த ஃபார்மட்னு பாருங்க. லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏயூ ப்ளகின் மட்டும்தான் எடுக்கும், விஎஸ்டி எடுக்காது. ப்ரோ டூல்ஸ்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு ஏஏஎக்ஸ் ஃபார்மட் வேணும். ஆஃபர்ல வந்துச்சேன்னு விஎஸ்டி மட்டும் இருக்கற ப்ளகின வாங்கிட்டா இந்த மூணுலயும் திறக்கவே முடியாது.

இப்போ லேட்டன்சி, அதாவது வாசிச்சதுக்கும் சத்தம் கேக்கறதுக்கும் நடுவுல வர்ற தாமதம், நிறைய பேர் சாஃப்ட்வேர் சரியில்லன்னு திட்டுறது இதாலதான். 48 கிலோஹெர்ட்ஸ்ல 256 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு சேத்து வச்சு அனுப்பற சத்தத்தோட அளவு) வச்சா ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட், உள்ள போய் வெளிய வர கிட்டத்தட்ட 11, அதுக்கு மேல இன்டர்ஃபேஸோட (கிட்டார கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டி) சொந்த டிலே கொஞ்சம். ஆம்ப்ல இருந்து மூணு நாலு மீட்டர் தள்ளி நின்னு வாசிக்கற அளவுதான் அது, சமாளிக்கலாம். 1024க்கு போனா 40 மில்லிசெகண்ட தாண்டிடும், நீங்க ஸ்ட்ரம் பண்ணி முடிச்ச அப்புறம் சத்தம் வரும், டிரம்ஸோட சேந்து வாசிக்கவே முடியாது. விண்டோஸ்ல இன்டர்ஃபேஸ் கம்பெனி குடுக்கற ஆசியோ டிரைவர போடுங்க, ரெக்கார்ட் பண்ணும்போது பஃபர 128க்கோ 64க்கோ இறக்குங்க, மிக்ஸ் பண்ணும்போது ஏத்திக்கோங்க. பஃபர் கம்மியா இருந்தும் லேட்டா கேட்டா மாஸ்டர் ட்ராக்ல லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ இருக்கான்னு பாருங்க, முன்கூட்டியே பாத்து வேலை செய்யற ப்ளகின்ஸ் எல்லாம் டிலே கூட்டும், ரெக்கார்டிங் முடியற வரைக்கும் ஆஃப் பண்ணி வைங்க. கிட்டார லைன் இன்புட்ல சொருகாதீங்க, இன்ஸ்ட்ருமென்ட் இல்ல ஹை-இஸட்னு போட்டிருக்கும் பாருங்க அதுலதான், அதோட இம்பிடன்ஸ் 1 மெகாஓம் அளவுல இருக்கும். லைன்ல போட்டா பிக்கப்போட ட்ரெபிள் செத்து மந்தமா வரும், அதுக்கு ஆம்ப் சிம்ம (ஆம்ப் சத்தத்த கம்ப்யூட்டர்ல தர்ற ப்ளகின்) குறை சொல்லி புதுசு வாங்கறது வீண் செலவு.

ரெடிமேட் க்ரூவ் வேண்டாம், நானே பீட் எழுதறேன்னா அது நல்ல விஷயம், ஆனா எல்லா நோட்டையும் வெலாசிட்டி (அடியோட பலம்) அதிகபட்சமான 127ல வச்சுட்டு டிரம்ஸ் மெஷின் மாதிரி இருக்குன்னு சாஃப்ட்வேர மாத்தாதீங்க. ரெண்டாவது, நாலாவது பீட்ல விழற ஸ்னேர் 110 பக்கம் இருக்கட்டும், நடுவுல மெல்லமா தட்டற கோஸ்ட் நோட் 30, 35ல இருக்கட்டும், ஹை-ஹேட்ல பீட்டு மேல விழறது 95, நடுவுல வர்றது 70ன்னு மாத்தி மாத்தி வைங்க, அதே கிட் உயிரோட வாசிக்கும். அப்புறம் டிரம்மருக்கு கை ரெண்டுதான், ஒரே நேரத்துல ஸ்னேர், க்ராஷ், ஹை-ஹேட் மூணையும் அடிக்க வச்சா அது கிட்டாரிஸ்ட் எழுதினதுன்னு டிரம்மருங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

ஒரு சாஃப்ட்வேர்ல எழுதின மிடிய இன்னொண்ணுக்கு மாத்தும்போது கவனமா இருங்க. ஜெனரல் மிடிங்கற பொது நோட் நம்பர் கணக்குல கிக் 36, ஸ்னேர் 38, மூடின ஹை-ஹேட் 42, திறந்தது 46. கிக், ஸ்னேர் பெரும்பாலும் ஒத்துப்போயிடும், ஆனா ஹை-ஹேட் பாதி திறந்தது, கால்வாசி திறந்ததுன்னு வர்ற இடத்துல ஒவ்வொருத்தரும் வேற வேற நம்பர் வச்சிருப்பாங்க, ஹை-ஹேட் அடிக்க வேண்டிய இடத்துல டாம் கேக்கும். மேப் மாத்தற வசதி இருக்கான்னு டிரையல்லயே பாத்துக்கோங்க.

டிரையல் முடியப் போகுது, இல்ல பாட்டு நடுவுல அப்டேட் வருதுன்னா முதல்ல கிக், ஸ்னேர், டாம்ஸ், ஓவர்ஹெட்னு தனித்தனி ஆடியோ ட்ராக்கா பவுன்ஸ் பண்ணி, மிடியையும் கிட்டார் டிஐயையும் அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க, அப்டேட் பட்டன அதுக்கப்புறம் அமுக்குங்க.