35 வயசுன்னதும் பதறாம டாக்டர் சொல்றத எப்படி புரிஞ்சுக்கறது

குழந்தைக்கு ப்ளான் பண்றோம்னு டாக்டர்கிட்ட போய் உக்காந்தா முதல்ல கேக்கறது வயசுதான். 35 தாண்டியிருந்தா பேச்சோட வேகமே மாறிடும், உடனே அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட்னு எழுதுவாங்க, நமக்கோ பாதி புரியும் பாதி புரியாது, வெளிய வந்து கூகுள் பண்ணி இன்னும் பயந்துக்குவோம். அதனால டாக்டருங்க வயசை வச்சு என்னதான் கணக்கு போடறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டுப் போனா பாதி டென்ஷன் கொறையும்.

முதல்ல ஒண்ணு. அவங்க ரெண்டு விஷயத்தை தனித்தனியா பாக்கறாங்க, முட்டையோட எண்ணிக்கை ஒண்ணு, தரம் இன்னொண்ணு. நம்ம ஆளுங்க ரெண்டையும் போட்டு குழப்பிக்கறதுலதான் முக்கால்வாசி பிரச்சனையே.

எண்ணிக்கை சிம்பிள். பொறக்கறப்போ 10-லேர்ந்து 20 லட்சம் முட்டை இருக்கும், வயசுக்கு வர்றப்போ 3-லேர்ந்து 5 லட்சம், 37 வயசுல சுமார் 25,000, பீரியட்ஸ் நிக்கறப்போ ஆயிரம் கிட்டதான். நீங்க கருத்தடை மாத்திரை போட்டாலும் கர்ப்பமா இருந்தாலும் இது பாட்டுக்கு கொறஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

தரம்தான் முக்கியமான மேட்டர். ஒரு பொண்ணு தன் அம்மா வயித்துல இருக்கறப்பவே அவளோட முட்டைங்க எல்லாம் பிரிய ஆரம்பிச்சு பாதியில நின்னுடும், அப்புறம் அந்தந்த மாசம் வெளிய வர்றப்போதான் மிச்ச வேலை நடக்கும், அப்படின்னா 39 வயசுல வெளிய வர்ற முட்டை 39 வருஷத்துக்கு மேல அப்படியே பாதியில காத்துக்கிட்டு இருந்த முட்டை. ஜோடி குரோமோசோமை (மரபணுக்களைத் தாங்கற இழை) சேத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கற புரதம் அதுக்குள்ள தளர்ந்து போகுது, அதனால பிரியறப்போ ஒண்ணு கூடுதலாவோ கொறைவாவோ போயிடுது. அப்படி உருவாகற கரு பெரும்பாலும் ஒட்டாது, இல்லன்னா ஆரம்பத்துலயே கலைஞ்சிடும், சில சமயம் டவுன் சிண்ட்ரோம் குழந்தையா பொறக்கும் (25 வயசுல சுமார் 1,250-ல ஒண்ணு, 35-ல சுமார் 350-ல ஒண்ணு, 40-ல சுமார் 100-ல ஒண்ணு). கர்ப்பப்பைக்கு வயசாகறது இதுல சின்ன பங்குதான். 45 வயசுக்காரங்க சின்ன வயசு டோனர் (தானமா குடுக்கற பொண்ணு) முட்டை வச்சு முயற்சி பண்ணா ரிசல்ட் டோனரோட வயசைத்தான் ஒட்டி வருது.

இப்ப ஏஎம்எச் ரிப்போர்ட்டுக்கு வருவோம், முட்டை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு கணிக்கற ஹார்மோன் ரத்த டெஸ்ட் இது. நம்பர் பக்கத்துல 'லோ'ன்னு போட்டிருந்தா அழுதுடாதீங்க. முதல்ல யூனிட்டைப் பாருங்க, சில லேப் நானோகிராம்ல தரும், சிலது பிகோமோல்ல தரும், நானோகிராம்ல 1 வந்தா பிகோமோல்ல 7-க்கு மேல வரும், ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுட்டு பயப்படறவங்க நெறய பேர். கருத்தடை மாத்திரை எடுத்துக்கிட்டு இருந்தாலும் தற்காலிகமா கொறச்சுக் காட்டும், டாக்டர்கிட்ட அதை சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, ஏஎம்எச் காட்டறது எண்ணிக்கையை மட்டும்தான். அமெரிக்காவுல 30-லேர்ந்து 44 வயசு வரைக்கும், குழந்தையின்மை பிரச்சனைன்னு இதுவரை இல்லாத பெண்களை வச்சு பண்ண ஆராய்ச்சி 2017-ல வந்துச்சு, ஏஎம்எச் கொறைவா இருந்தவங்களுக்கு தானா கரு தரிக்கறது கொறஞ்சதா அதுல தெரியல. ஐவிஎஃப்ல (முட்டையை வெளிய எடுத்து லேப்ல கரு உண்டாக்கற சிகிச்சை) ஊசி போட்டா எத்தனை முட்டை கெடைக்கும்னு கணிக்கத்தான் இந்த டெஸ்ட் உண்மையிலயே உதவும். இதோட மறுபக்கத்தையும் சொல்லணும், 42 வயசுல ஏஎம்எச் சூப்பரா இருக்குன்னு ரிலாக்ஸ் ஆயிடாதீங்க, முட்டை நெறய இருக்கலாம் ஆனா ஒவ்வொண்ணுக்கும் வயசு 42-தான்.

அப்போ 35-ல என்னதான் ஆகுது? ஒரே நாள்ல ஒண்ணும் ஆகாது. 35-ங்கற அந்தக் கோடு, பனிக்குட நீர் டெஸ்ட் (வயித்துல இருக்கற குழந்தைக்கு குரோமோசோம் கோளாறு இருக்கான்னு பாக்கறது) யாருக்கு பண்ணலாம்னு முடிவு பண்றப்போ பிரபலமானது. "35 தாண்டினா மூணுல ஒருத்தருக்கு ஒரு வருஷத்துல கரு நிக்காது"ன்னு சொல்றது 1670-லேர்ந்து 1830 வரைக்குமான பிரான்ஸ் பிறப்புப் பதிவுகள்லேர்ந்து வந்த கணக்கு, ஆன்டிபயாடிக் கூட இல்லாத காலம்! 2004-ல வந்த ஐரோப்பிய ஆராய்ச்சியில வாரம் ரெண்டு தடவை சேர்ந்தவங்கள்ல 27-34 வயசுல 86 சதவீதமும் 35-39 வயசுல 82 சதவீதமும் ஒரு வருஷத்துக்குள்ள கருத்தரிச்சாங்க. ஆனா 40-க்கு மேல சரிவு நெஜம், அத யாரும் மறைக்க வேண்டாம், ஒரு மாசத்துக்கான சான்ஸ் 5 சதவீதம் பக்கம் வந்துடுது, கரு தானா கலையறதும் கூடுது.

எப்போ போறதுன்னு கேட்டா, 35-க்கு கீழன்னா ஒரு வருஷம் ட்ரை பண்ணிட்டு போங்க, 35-க்கு மேலன்னா ஆறு மாசம், 40 தாண்டியிருந்தா காத்திருக்காம உடனே. பீரியட்ஸ் ஒழுங்கில்ல, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்ற நோய்) இருக்கு, கேன்சருக்கு கீமோ எடுத்திருக்கீங்கன்னா வயசே பாக்காதீங்க, உடனே போங்க. ட்ரை பண்றதுன்னா முட்டை வெளிய வர்ற நாளும் அதுக்கு முந்தின அஞ்சு நாளும்தான் கணக்கு, ஆப் சொல்ற ஒரே நாளை மட்டும் நம்பாதீங்க. ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் முன்னாடியே ஆரம்பிங்க, சிகரெட் இருந்தா விடுங்க.

வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க. செமன் டெஸ்ட் பண்ணாம உங்களுக்கு மட்டும் நாலு ஸ்கேன் எழுதினா ஏன்னு கேளுங்க, அவருக்கு 40 தாண்டினாலும் லேட் ஆகும்.

கடைசியா ஐவிஎஃப் பேச்சு வந்தா ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, அதுவும் உங்க முட்டையத்தான் எடுக்குது, வயசை அது மாத்தாது. அதனால க்ளினிக்ல "சக்சஸ் ரேட் என்ன"ன்னு பொதுவா கேட்டா எல்லா வயசையும் கலந்து ஒரு அழகான நம்பர் சொல்லுவாங்க. "என் வயசுல, சொந்த முட்டையில, ஊசி ஆரம்பிச்ச பத்து பேர்ல எத்தனை பேருக்கு குழந்தை பொறந்துச்சு"ன்னு கேளுங்க, கர்ப்ப டெஸ்ட் பாசிட்டிவ் வந்ததை மட்டும் எண்ணிக் காட்டினா ஒத்துக்காதீங்க.