மியூசிக் வாசிக்கறவங்க காது டெஸ்டுக்கு போறதுக்கு முன்னாடி

நாற்பது தாண்டிட்டீங்க, வாத்தியம் வாசிக்கறீங்கன்னா ஒரு தடவை ஆடியோகிராம் (எந்த ஸ்தாயி சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு காட்டற கிராஃப்) எடுத்து வச்சிக்கோங்க, அப்புறம் வருஷா வருஷம் எடுத்து அதோட ஒப்பிட்டு பாத்தாதான் எவ்வளவு குறையுதுன்னு புரியும். கச்சேரி முடிஞ்ச மறுநாள் காலைலயே போயிடாதீங்க, சத்தத்துல காது தற்காலிகமா மந்தமாயிருக்கும், ரிசல்ட் தப்பா வரும், குறைஞ்சது 14 மணி நேரமாவது காதுக்கு ரெஸ்ட் குடுத்துட்டு போங்க.

சாதாரண டெஸ்ட் 8000 ஹெர்ட்ஸோட நிறுத்திடுவாங்க. வயசாகறப்போ முதல்ல போறது மேல் ஸ்தாயி சத்தம்தான், அதனால "நான் வாசிக்கறவன், அதுக்கு மேலயும் பாருங்க"ன்னு நீங்களே கேளுங்க, 16000 வரைக்கும் பாக்கற மெஷின் சில இடத்துல இருக்கு. கிராஃப்ல 4000 கிட்ட மட்டும் பள்ளமா விழுந்து 8000ல திரும்ப ஏறுச்சுன்னா அது பெரும்பாலும் சத்தத்தால வந்தது, வெறும் வயசுன்னா கோடு சரிஞ்சுகிட்டே போகும் (ரெண்டும் சேர்ந்தும் வரும், அதான் தொல்லை). வயலின்காரங்க இடது காதை தனியா பாருங்க, வாத்தியம் அந்தப் பக்கம்தானே இருக்கு.

சத்தத்துலேர்ந்து காதை காப்பாத்த பஞ்சு வச்சிக்கறது வேஸ்ட். மியூசிஷியன் இயர்பிளக்னு தனியா இருக்கு, ஸ்ருதி கெடாம எல்லா சத்தத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவுல குறைக்கும்.