தசாய்ஃபு டென்மாங்கு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் ஃபுகுவோகா பக்கம் போகிறவர்கள், ‘பரீட்சையில் தேற வேண்டிக்கொள்ளும் கோயில்’ என்று கேள்விப்பட்டுத்தான் தசாய்ஃபு டென்மாங்குவுக்குப் போகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அது மட்டும்தான் என்று நினைத்துப் போவதே முதல் தவறு. அது ஒரு மனிதரின் சமாதி மேல் எழுந்த, ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் கோயில்.

சுகவாரா நோ மிச்சிசானே (845–903) பெரிய படிப்பாளி, கவிஞர், பேரரசரின் அமைச்சர். பொய்ப்பழி சுமத்தி 901-இல் கியோட்டோவிலிருந்து தசாய்ஃபுவுக்குத் துரத்தினார்கள். இரண்டே ஆண்டில் இங்கேயே இறந்துபோனார். உடலை இழுத்துப் போன மாடு வழியில் படுத்துக்கொண்டு நகரவே மறுத்ததாம். படுத்த இடத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அப்புறம் 930-இல் கியோட்டோ அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள். அவருடைய கோபம்தான் இடியாக இறங்கியது என்று நடுங்கினார்கள். அப்படி அச்சத்தில் வளர்ந்த வழிபாடு, காலப்போக்கில் கல்வித் தெய்வத்தின் மேல் வைக்கும் அன்பாக மாறியது.

கடைத்தெரு முடியும் இடத்தில் வெண்கல மாடு ஒன்று படுத்திருக்கும். தலையைத் தடவினால் அறிவு வளரும் என்பது நம்பிக்கை. தடவித் தடவி அதன் தலை மட்டும் பளபளவென்று மின்னும். பலர் தடவிப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது ஏன் படுத்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்துவிட்டுத் தடவுங்கள்.

அடுத்தது குளத்தின் மேல் மூன்று பாலங்கள்: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். முதல் பாலத்தில் திரும்பிப் பார்க்கக்கூடாது, இரண்டாவதில் நிற்கக்கூடாது, மூன்றாவதில் கால் தடுக்கி விழக்கூடாது என்பார்கள். செல்ஃபிக்காகப் பாலத்தின் நடுவில் நின்றால் மூன்றும் கெடும், பின்னால் வருகிறவர்களுக்கும் இடைஞ்சல்.

கை அலம்பும் இடத்தில் அகப்பையை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். இடது கை, வலது கை என்று அலம்பி, இடது உள்ளங்கையில் நீர் விட்டு வாயைக் கொப்பளிக்க வேண்டும். சன்னதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒரு முறை குனிந்தால் சரி. நம் பழக்கத்தில் கும்பிட்டாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் கைதட்டும் வழக்கம் ஷின்டோ கோயிலுக்கு உரியது, புத்தர் கோயிலுக்குப் போய்த் தட்டிவிடாதீர்கள்.

கும்பிட்டதும் திரும்பிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 1591-இல் கட்டிய மூல மண்டபத்தை நோக்கி நின்றால் வலப்பக்கம் ஒரு பிளம் மரம். மிச்சிசானே வீட்டை விட்டுக் கிளம்பும்போது முற்றத்து மரத்திடம், ‘உன்னை வளர்த்தவன் இல்லையென்று வசந்தத்தை மறந்துவிடாதே’ என்று பாடினார். பிரிவு தாங்காமல் மரம் ஒரே இரவில் அவரைத் தேடிப் பறந்து வந்துவிட்டதாம். அதனால் ‘டோபியுமே’, பறந்து வந்த பிளம் என்று பெயர். வளாகத்தில் சுமார் 6,000 பிளம் மரங்கள் இருக்கின்றன. அவற்றில் முந்திப் பூப்பது இதுதான் என்பார்கள். ஒரு நிமிடமாவது அதன் எதிரில் நில்லுங்கள்.

கடைத்தெருவில் விற்கும் உமேகாயே மோச்சி என்ற அரிசிமாப் பண்டத்தில் பிளம் புளிப்பைத் தேடி ஏமாறாதீர்கள். பெயர்தான் பிளம் கிளை, உள்ளே இருப்பது இனிப்பான சிவப்புப் பயறு விழுது. இரும்பு அச்சில் வைத்துச் சுட்டு, மேலே பிளம் பூ முத்திரையோடு கொடுப்பார்கள். மிச்சிசானே துரத்தப்பட்டு இங்கே இருந்த நாட்களில் ஒரு மூதாட்டி பிளம் கிளையில் செருகி அவருக்கு மோச்சி கொடுத்தாராம், அந்த நினைவுதான் இது. ஓரம் மொறுமொறுவென்று இருக்கும்போதே கடை வாசலில் நின்று சாப்பிட்டுவிடுங்கள். ஆறினால் அந்த ருசி இருக்காது.